ஆளில்லாமல் வந்த பைக்

சவூதி, 12.1.1993

அன்புள்ள அப்ரோஸ், அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா?

இங்கே பாலைவன வேட்டை முகாமில் நான் பழுது பார்க்கும் நாலு சக்கர வேட்டை பைக்குகளில் ஒன்றுக்கு ஆக்சிலேட்டர் கேபிள் சிக்கும். "எடுக்காதீங்க" என்று சொல்லியும் நம்ம தளவாய்புரம் சோணைமுத்து அண்ணன் எடுத்துப் போனார். மதியம் பைக் மட்டும் ஆளில்லாமல் வந்து என் கூடாரத்தின் முன் நின்றது. எஞ்சினைத் தொட்டேன், ஓடாத வண்டிபோல ஜில்லென்றிருந்தது.

டயர் தடத்தைப் பிடித்துப் போனோம். அண்ணன் கால் முறிந்து மணலில் கிடந்தார்.

"ஏலே, வண்டி இன்னும் என்னையச் சுத்துதே, சத்தம் கேக்கலையா?" என்றார்.

எனக்கும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் தேறிவிட்டார், அவர் வீட்டில் சொல்லாதே. பைக்கைக் கழற்றிப் போட்டுவிட்டேன். கேசட்டில் உன் குரலைப் பதிந்து அனுப்பு. அந்தச் சத்தம் வரும்போது போட்டுக் கேட்பேன். தபால் வண்டி கிளம்புகிறது.

உன்
மைதீன் பிச்சை