வாயாடி போன ஊர்

ஜூன் 11

என் அன்பு மேஸ்திரிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன் என்று போனில் தட்டி அனுப்பியதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு வரியில் என் மனசு அடங்காது, அதனால்தான் இந்தப் பேனா. உங்களுக்குக் காது கேட்டிருந்தால் தினமும் போனிலேயே உங்கள் உயிரை வாங்கியிருப்பேன். மர மில் உங்கள் காதைத் தின்றதில் உங்களுக்கு நடந்த ஒரே நல்லது அதுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஊர் எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ பின்னால் துரத்திக்கொண்டு வருவது போலத்தான் எல்லாரும் நடக்கிறார்கள். பஸ் நம்பரைப் பார்க்க ஒரு நிமிஷம் நின்றால் பின்னால் வருகிறவர் முதுகில் இடிக்கிறார். இடித்துவிட்டு என்னையே முறைக்கவும் செய்கிறார். லிஃப்டில் நெருக்கியடித்து நிற்கிறோம், எல்லாரும் கதவையே பார்க்கிறோம். நேற்று பக்கத்தில் நின்ற அம்மாவிடம் எந்த மாடி என்று பேச்சுக்குக் கேட்டேன். அவர் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அறையில் என்னோடு இருப்பவள் நர்ஸ். நான் விழித்திருக்கும்போது அவள் தூங்குகிறாள். கொடியில் தொங்கும் அவளுடைய ஈரத் துண்டைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

வந்ததும் கொடுத்த இரண்டு வாரப் பயிற்சி முடிந்து இப்போது ஆம்புலன்ஸ் அழைப்புகளைத் தனியாக எடுக்கிறேன். முதல் அழைப்பிலேயே, மனைவிக்கு வலி வந்துவிட்டது என்று ஒருவர் கதறினார். எந்த இடம் என்று கேட்டால் ஏதேதோ தெருப் பெயர் சொல்கிறார், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியல, நீங்க வாங்க"ன்னு அழுதார். எப்படியோ வண்டி போய்ச் சேர்ந்தது, குழந்தையும் பிறந்தது. நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஊரே என்னிடம் அழுகிறது, நான் யாரிடம் போய் அழ? வந்துவிடட்டுமா?

உங்கள்
வாயாடி


ஜூன் 23

வாயாடிக்கு,

எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். பலகையில் அளவு குறிக்கிற பென்சிலால்தான் எழுதுகிறேன், கோணலாகத்தான் இருக்கும்.

இங்கே எல்லாம் சௌக்கியம். குழம்பில் உப்பு மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் தினமும் வந்து, என் முகத்துக்கு நேராக நின்று, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

வீடு அமைதியாக இருக்குமே என்று ஒருத்தர் கேட்டார். உங்களுக்கு எப்போதும் அமைதிதானே என்று அவரே சிரித்துக்கொண்டார். அவருக்கு என்ன தெரியும்? நீ நடந்தால் தரை அதிரும். நீ பாத்திரத்தை வைத்தால் மேஜை அதிரும். கோபத்தில் வைத்தால் என் நாற்காலியும் அதிரும். இப்போது எதுவும் அதிர்வதில்லை. இப்போதுதான் எனக்கு நிஜமாகவே காது கேட்கவில்லை.

வா என்று எழுத எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் தெருவில் யாருக்கு நெஞ்சுவலி என்றாலும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடியவள் நீ. அந்த வேலைக்கே உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் பார்ப்போம் என்று பேசித்தானே போனாய். இரு. பயப்படாதே.

உன்
மேஸ்திரி


செப்டம்பர் 14

என் அன்பு மேஸ்திரிக்கு,

இந்த வாரம் நடந்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

ஒரு நாற்சந்தியில் சிக்னலுக்காக நின்ற பெரியவர் ஒருவர் அப்படியே சரிந்து விழுந்திருக்கிறார். அழைத்தவன் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். மூச்சு இல்லை என்றான். நெஞ்சில் கை வைத்து அழுத்தச் சொன்னேன். நான் எண்ண எண்ண அவனும் கூடவே எண்ணினான். சுற்றிலும் ஹாரன் சத்தம். அதற்கு நடுவில் ஒரு பெண் குரல், வண்டிகளை ஒதுங்கச் சொல்லிக் கத்துகிறது. இன்னொருத்தர், நீ தள்ளு, கை வலிக்கும், நான் அழுத்துகிறேன் என்கிறார். வண்டி போகும்வரை அத்தனை பேரும் அங்கேயே இருந்தார்கள். பெரியவரை ஏற்றிய பிறகு அவன், "அக்கா, எனக்கு லேட்டாயிடுச்சு, வெச்சிடறேன்"னு வைத்துவிட்டான். அவன் யாரோ, எவனோ. பெரியவர் பிழைத்துவிட்டார்.

இங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று எழுதினேன் அல்லவா? விழுந்தால் பார்க்கிறார்கள். மற்ற நேரம் அவரவர் பாட்டுக்கு விட்டுவிடுகிறார்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அப்படி விடுவதும் எனக்குப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. இத்தனை மாதத்தில் ஒருத்தர்கூட என்னிடம் குழந்தை ஏன் இல்லை என்று கேட்கவில்லை. வேலை முடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாக, கை வீசிக்கொண்டு, நானும் வேகமாக நடக்கிறேன். நேற்று முன்னால் நின்ற ஒருவர் முதுகில் நானே இடித்தேன். முறைக்கவும் செய்தேன். பிறகு வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு.

ஒரு தடவை வந்து பாருங்களேன். நான் நடக்கும் தெருவில் நீங்களும் நடக்க வேண்டும் போல இருக்கிறது.

உங்கள்
வாயாடி


அக்டோபர் 2

வாயாடிக்கு,

வருகிறேன். புதுச் சட்டை எடுத்திருக்கிறேன். சிரிக்காதே, கழுத்து கொஞ்சம் இறுக்கம். ரயிலடிக்கு நீ வந்துவிடு.

உன்
மேஸ்திரி


நவம்பர் 5

என் அன்பு மேஸ்திரிக்கு,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததை டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காயம் ஆறிவிட்டதா?

ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டீர்கள். உங்கள் தச்சுப் பட்டறையில் அவசர வேலை என்றீர்கள். தலையாட்டினேன், நம்பவில்லை. சாலையில் நடந்ததுதானே காரணம்? நான் தண்ணீர் பாட்டில் வாங்கத் திரும்பிய நேரத்தில் நீங்கள் எதிர்க்கடை நாற்காலிகளைப் பார்க்க இறங்கிவிட்டீர்கள். அந்த மோட்டார் பைக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தான். நீங்கள் விழுந்ததைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாள் முழுக்க மற்றவர்களைப் பதறாதே என்று சொல்கிறவள் நான். உங்கள் விஷயத்தில் எனக்கு அது வரவில்லை.

கோபமென்றால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்
வாயாடி


டிசம்பர் 9

வாயாடிக்கு,

முழங்கை ஆறிவிட்டது. கோபம் இல்லை. நிறைய யோசித்தேன், அதனால்தான் தாமதம்.

விழுந்தது ஒரு விஷயமே இல்லை. மில்லில் இதைவிட அடி வாங்கியிருக்கிறேன். நான் எழுந்திருப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நீ என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துக் கத்தினாய். எனக்கு உன் உதடு தெரியாதா? "அவருக்குக் காது கேக்காது"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாய். உடனே அத்தனை பேர் முகமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கிளம்பும்வரை என் மணிக்கட்டை நீ விடவேயில்லை. ஓட்டலில் எனக்கு என்ன வேண்டும் என்று நீயே சொன்னாய். மருந்துக்கடையில் என்னைக் கேட்டதற்கும் நீயே பதில் சொன்னாய். இங்கே நான் கதவு செய்கிறவன், கட்டில் செய்கிறவன். அங்கே உன் கையில் தொங்குகிற பையாகிவிட்டேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த ஊரின் வேகத்தில் நீ ஓடுவதைப் பார்த்தேன். உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது, இங்கே அதை நான் பார்த்ததில்லை. நீ அங்கேயே இரு. நான் இங்கே இருக்கிறேன். விடுமுறைக்கு வந்து போ. நிறைய பேர் அப்படித்தானே இருக்கிறார்கள்.

உன்
மேஸ்திரி


ஜனவரி 8

என் அன்பு மேஸ்திரிக்கு,

உங்கள் கடிதத்தை லிஃப்டில் வைத்துப் படித்துவிட்டேன். தப்பான மாடியில் இறங்கி அங்கேயே நின்றேன். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. உங்களைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு உங்களைப் பார்க்காமலேயே இருந்துவிட்டேன்.

என் வேலையை நிரந்தரம் செய்திருக்கிறார்கள். மாத முடிவுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு அந்த வார்த்தையே ஆகாது. பொய்யும் சொல்ல மாட்டேன், இந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது. காலையில் அந்தக் கூட்டத்துக்குள் காலை வைக்கும்போது எனக்குத் தெம்பு வருகிறது. இதை விட்டுவிட்டு வந்தால் கொஞ்ச நாள் உங்கள் மேல் எரிந்து விழுவேன், பாத்திரத்தை ஓங்கி வைப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு மட்டும் வந்து போகும் பெண்டாட்டியாக என்னால் இருக்க முடியாது. இந்த ஊரைவிட உங்களை அதிகம் பிடிக்கும்.

உங்கள்
வாயாடி


ஜனவரி 22

வாயாடிக்கு,

உறையின் மேல் இருக்கும் தபால் முத்திரையைப் பார்த்திருந்தால் பாதி தெரிந்திருக்கும். ஆமாம், இந்த ஊரில்தான் இருக்கிறேன். திங்கட்கிழமை வந்தேன். என்னோடு மில்லில் இருந்த மொட்டையன் இங்கே அலமாரிப் பட்டறை வைத்திருக்கிறான் அல்லவா, அவனிடம் தங்கியிருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை. முடியாவிட்டால் சத்தமில்லாமல் ரயிலேறிவிடலாம் என்றுதான்.

முதல் நாள் முடியத்தான் இல்லை. நாற்சந்தியில் நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். சாலையில் இறங்கக் கால் வரவில்லை. சும்மா நிற்பதற்கு ஆட்களையாவது பார்ப்போம் என்று பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எல்லாரும் காதில் எதையாவது அடைத்துக்கொண்டு போகிறார்கள். ஹாரனும் கேட்பதில்லை, பக்கத்தில் வருபவன் பேசுவதும் கேட்பதில்லை. வெறும் கண்ணை வைத்துக்கொண்டுதான் கடக்கிறார்கள். எனக்கும் கண் இருக்கிறதே! வேலைக்குப் போகும் பெண்கள் கும்பலாக நின்றார்கள். அவர்கள் இறங்கியபோது நானும் இறங்கினேன். அந்தப் பக்கம் போய்விட்டு, நம்ப முடியாமல், திரும்ப இந்தப் பக்கம் வந்தேன். பிறகு அதே வேலையாக இருந்தேன் என்று வைத்துக்கொள்.

நேற்று ஒருவன் என் மேல் மோதினான். அவன் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. நானும் ஏதோ சொன்னேன், காதில் பாட்டு ஓடியதில் அவனுக்குக் கேட்கவில்லை. இருவரும் நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டோம். நம் ஊரில் நான் காது கேட்காத மேஸ்திரி. எல்லாரும் பாசமாகத்தான் முகத்துக்கு நேரே வந்து நிற்பார்கள். ஆனாலும் எந்நேரமும் அதுவாகவே இருப்பது ஒரு களைப்பு. அது களைப்பு என்றே இங்கே வந்துதான் தெரிந்தது. இங்கே நான் அவசரமாகப் போகிற ஒரு ஆள், அவ்வளவுதான். நீ எழுதியது புரிந்தது.

மொட்டையன் தன்னோடு வேலை பார்க்கச் சொல்கிறான். மரத்தூளை ஒட்டிப் பலகை என்கிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். நம் வீட்டை என்ன செய்வது, டீச்சரிடம் எப்படிச் சொல்வது, எல்லாம் பேச வேண்டும். ஒரு நிபந்தனையும் உண்டு. மணிக்கட்டைப் பிடிக்கக் கூடாது. கையைப் பிடித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, அது வேறு.

நாளைக்கே போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வா.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் வாசலுக்கு வந்து மணி அடிப்பேன். உள்ளே இருந்துகொண்டு யாரு, யாரு என்று கத்திக்கொண்டிருக்காதே. வந்து திற.

உன்
மேஸ்திரி