ஈரக் கூடாரமும் ஏலேலோவும்

அண்ணை,

எழுதுமுன் ஒழுங்கு போட்டுக்கொள்ளாவிட்டால் எனக்குக் கை ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே:

1. ஈரக் கூடாரத்தின் மணம்.
2. யென்ஸ் வீட்டில் நாம் பார்த்த ஆங்கில நாடகங்கள்.
3. றொக் இசைவிழா மேடையில் நீங்கள் தனியாகப் பாடியது.
4. அதில் எனக்குள்ள பெருமை.

பேத்தி இசைவிழாவுக்குப் போய் நேற்றுத் திரும்பினாள். சேறு அப்பிய கூடாரத்தை எங்கள் பல்கனியில் விரித்துப் போட்டிருக்கிறாள். நனைந்த துணியும் மிதிபட்ட புல்லும் கலந்த அந்த மணம் உள்ளே வந்ததும் தேநீரை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மறைந்து இரண்டு மாரி போய்விட்டது.

இரண்டாவது பொருளுக்கு வருகிறேன். எண்பதுகளின் நடுப்பகுதி, இக்காஸ்ட் என்ற டேனிஷ் ஊரின் துணி ஆலையில் நாம் இருவரும் வேலை செய்த காலம். கீழ்வீட்டு யென்ஸும் அதே ஆலைதான். வாரத்தில் ஒருநாள் மாலை நம்மைத் தொலைக்காட்சி பார்க்கக் கூப்பிடுவான். பிரித்தானியத் தொடர் நாடகங்கள். பேச்சு ஆங்கிலத்தில், அடியில் டேனிஷ் எழுத்து. ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். காதில் விழுந்ததைக் கண்ணில் படுவதோடு ஒப்பிட்டு டேனிஷ் பழகினேன். மன்னார்க் கடலில் வலை இழுத்த நீங்களோ இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

“மாஸ்டர், இந்தப் பெரியவீட்டுக்காரன் பெண்சாதியை ஏமாத்துறான். தேத்தண்ணி குடிக்கிற விதத்தைப் பாருங்கோ.”

“இல்லை அண்ணை, அவர் குதிரை வாங்கிறதைப் பற்றித்தான் கதைக்கிறார்.”

“நீங்கள் எழுத்தை வாசியுங்கோ. நான் ஆளை வாசிக்கிறன்.”

அடுத்த வாரம் பார்த்தால் ஏமாற்றியவள் பெண்சாதி. “அவவும் தேத்தண்ணி குடிச்சவதானே” என்று சமாளித்தீர்கள்.

நாடகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது நீங்கள் அம்பா பாடுவீர்கள். வலை இழுப்பவர்களின் பாட்டு அது; ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று பதில் கொடுத்து இழுக்க வேண்டும். உள்ளூர் றொக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்த யென்ஸ், மேசையில் தாளம் போடுவான். ஒருநாள், கோடை விழாவில் தங்கள் குழுவோடு இந்தப் பாட்டைப் பாட வருவீர்களா என்று கேட்டான்.

“எல்லாரும் சிரிப்பினம் அண்ணை” என்றேன்.

“ஓம் எண்டு சொல்லுங்கோ, மாஸ்டர். இந்த நாட்டில என்னட்டை எல்லாரும் பேரும் பிறந்த திகதியும்தான் கேட்டவை. பாட்டுக் கேட்டவன் இவன் ஒருத்தன்தான்.”

அதற்குமேல் நான் தடுக்கவில்லை.

விழாத் திடலில் மழை, சேறு, கண்ணுக்கெட்டிய தூரம் கூடாரங்கள். “மடுத் திருவிழா போலக் கிடக்கு” என்று மகிழ்ந்தீர்கள். மடு மாதா கோயிலில் பக்கத்துக் கூடாரத்துக்குக் கொடுக்காமல் உண்ணும் வழக்கமில்லை என்று, பெரிய சட்டி நிறையச் சோறும் கோழிக்கறியும் சமைத்துக் கொண்டுவந்திருந்தீர்கள். நீள்முடிக்காரப் பிள்ளைகள் விலை கேட்டார்கள்.

“விலையோ? திருவிழாவில விலையோ? அதுகளுக்கு விளங்கச் சொல்லுங்கோ மாஸ்டர்!”

சட்டி வெறுமையாகும்வரை இலவசம், இலவசம் என்று டேனிஷில் சொல்லி, வெட்கத்தில் குறுகி நின்றேன்.

மாலையில் உங்கள் முறை வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் கோட்டோடு மேடை ஏறினீர்கள். முதலடியைப் பாடிவிட்டுப் பதிலுக்காக நிறுத்தினீர்கள். பாட்டு முடிந்ததென்று நினைத்து, சனம் மரியாதையாகக் கைதட்டியது. மறுபடி பாடினீர்கள், மறுபடி கைதட்டல், இம்முறை சிரிப்பும் சேர்ந்து. யென்ஸின் கை தளர்ந்தது. உங்கள் முகம் வெளிறியதைக் கண்டேன். ஒலிவாங்கியை விட்டுவிட்டு மேடையோரம் திரும்பிக் கத்தினீர்கள்:

“கயிறு நழுவுது! பிடியுங்கோ!”

மேடையோரத்திலிருந்து யாரோ ‘ஏலேலோ’ என்றார்கள். பிசிறிய குரல். அடுத்த அடிக்குச் சற்றுப் பலமாக வந்தது. மூன்றாம் அடிக்கு, உங்கள் சோறு தின்ற பிள்ளைகள் முன்வரிசையில் பிடித்துக்கொண்டார்கள். பிறகு திடல் முழுவதும் சேற்றில் காலூன்றி உங்களோடு இழுத்தது.

இறங்கி வந்து ஒன்றுதான் சொன்னீர்கள்: “வலை கரைக்கு வந்திட்டுது, மாஸ்டர்.”

நான்காவது, பெருமை. திங்கட்கிழமை ஆலையில், உங்கள் பெயரைச் சொல்ல வராதவர்களெல்லாம் இயந்திர இரைச்சலுக்கு மேலாக “ஏலேலோ!” என்று கூப்பிட்டார்கள். நீங்கள் கை உயர்த்தினீர்கள், தேரில் வரும் சாமியைப் போல. அந்த மனிதரோடு ஒரே அறையில் வாழ்ந்தவன் நான். இன்றும் வைத்தியசாலையிலோ கூட்டத்திலோ வாய் திறக்கத் தயங்கினால், கயிறு நழுவுது என்ற உங்கள் குரல் கேட்கும். பேசிவிடுவேன்.

இவ்வளவையும் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். தமிழில் கேட்டுவிட்டு டேனிஷில் கேட்டாள்: “மேடையோரத்து அந்த ‘யாரோ’ யார், அப்பப்பா?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நான்தான் என்றேன். அவள் நம்பவில்லை. கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்று, கீழே தெருவில் ஆட்கள் போகிறார்கள் என்று தெரிந்தும், ஒருமுறை பாடிக் காட்டினேன். குரல் அதே பிசிறல்தான்.

ஆகையால், அண்ணை, மூன்றாவது பொருளில் நீங்கள் தனியாகப் பாடியதாக எழுதியிருக்கிறேன். அது பிழை.