கேட்டில் மாட்டாத மஞ்சப்பை

கன்வர்ட்டர் இன்னும் சூடாக இருக்கிறது. இப்போதுதான் டிவியிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தேன். லேப்டாப் படத்தை டிவியில் காட்டும் தீப்பெட்டி அளவுக் கறுப்பு டப்பா, ஒரு பக்கம் லேப்டாப்பில் சொருகும் நீல பிளக், மறுபக்கம் டிவி ஒயருக்கான ஓட்டை. நீல பிளக்கின் தலையில் நெயில் பாலிஷில் வைத்த மரூன் பொட்டு. மூன்று தடவை மாட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் படம் பளிச்சென்று வந்தது. கெட்டுப்போயிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும், மச்சான்.

இதை வாங்கிய நாள் உனக்கு மறந்திருக்காது. என் லேப்டாப்பின் திரை செத்துப் போயிருந்தது. "ஸ்க்ரீன் போனா இன்னா, உசுரு கீதுல்ல? டிவில மாட்டிக்கலாம் வா" என்று நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். திருமுல்லைவாயிலில் ரயிலேறி ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போனோம். வாங்கி வந்து மாட்டினால் டிவியில் 'நோ சிக்னல்' என்ற நீலத் திரை. ஒரு மணி நேரம் டிவியைத் திட்டினாய், பிறகு என்னைத் திட்டினாய். கடைசியில் டப்பாமேல் இருந்த அம்புக்குறியைப் பார்த்தால், அது டிவிப் பக்கமிருந்து லேப்டாப் பக்கம் வருகிற ஜாதி. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருஷம் மெஷின் ஓட்டிய இரண்டு பேர் ஒரு அம்புக்குறியைப் பார்க்கவில்லை என்று என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் போய் மாற்றி வந்த இந்த டப்பாவுக்குப் பொட்டு வைத்தவள் அவள்தான். "பொட்டு வெச்ச பக்கம் லேப்டாப்புக்கு. மாமா, நீங்களும் நல்லா கேட்டுக்கோங்க" என்றாள். அவளைத் தூக்கி வளர்த்தவன் நீ. அதனால்தான் இந்தக் கோபம் இத்தனை எரிகிறது.

ஊரடங்கு வந்தது. "ஊட்லயே குந்திகினு பைத்தியம் புடிக்குதுடா. அந்த டப்பாவ நாலு நாளைக்குக் குடு, பழைய படம் பாக்கலாம்" என்று கேட்டாய். உன் பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பிலும் அதே நீல ஓட்டைதான். கொடுத்தேன். அடுத்த வாரம் என் மனைவிக்குக் கொரோனா பாசிட்டிவ் என்று வந்து, நாங்கள் வெளியே வரக் கூடாதென்று எங்கள் கேட்டில் தகரம் அடித்தார்கள். பூனாவில் வேலையிலிருந்த மகளுக்கு அங்கேயே கல்யாணம். இருபது பேரோடு நடத்த அனுமதி வாங்கியாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் தேதியைத் தள்ள மாட்டோம் என்றார்கள். பெற்றவர்கள் இரண்டு பேரும் தகரத்துக்கு உள்ளே.

சரி, நேரலையை டிவியிலாவது பெரிசாகப் பார்ப்போம் என்று கல்யாணத்தன்று மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். சுரத்தோடு தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள். காலை ஏழு மணிக்கு உனக்குப் போன் போட்டேன்.

"இன்னா மச்சான் கேக்கற? நேத்தே குட்த்துட்டேனே! மஞ்சப்பைல போட்டு உங்க ஊட்டு கேட்ல மாட்டிட்டு வந்தேனே, பாக்கலியா நீ?"

ஓடினேன். தகரத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த கம்பியில் பால் பாக்கெட் மட்டும் தொங்கியது. கேட்டுக்குக் கீழே, செடிக்குள், குப்பைக்கூடைக்குள் எல்லாம் தேடினேன். "நீங்க எடுத்து சானிடைசர் போட்டு எங்கயாவது வெச்சிருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றாள் மனைவி. யோசித்தேன். யோசிக்க யோசிக்க நான் எடுத்துவைத்த மாதிரியே இருந்தது.

கடைசியில் என் செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். கையகலத் திரையில் மகள் ஒரு சிவப்புப் புள்ளி. மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார். அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. பதற்றத்தில் பச்சையை அழுத்தித் தொலைத்தேன். படம் நின்றது. உன் குரல் வந்தது: "மச்சான், தாலி ஏறிடுச்சா?"

திரும்பப் படம் வந்தபோது அட்சதை விழுந்து முடிந்திருந்தது. என் மனைவி எழுந்து போய்ப் பூவை எடுத்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். பதிவு இருக்கிறது, எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் இன்று வரை அதைப் பார்க்கவில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். தகரம் கழற்றிய அன்று உன் வீட்டு வாசலில் வந்து நின்றேனே, அதைத்தான் விட முடியவில்லை. உன்மேல் சந்தேகப்பட்டேன் என்ற குற்ற உணர்ச்சியில் வந்தேன். "மன்னிச்சுடுடா. நீ குடுத்ததை நான்தான் எங்கயோ தொலைச்சுட்டேன்" என்றேன். நீ என் தோளில் கை போட்டாய். "உட்றா மச்சான், மறதி யாருக்குத்தான் வர்ல" என்றாய். டீ போடச் சொன்னாய். அந்த டீயை நான் குடித்தேன்.

அன்றிலிருந்து நான் மறதிக்காரன். வீட்டுச் சாவி மனைவி கைக்குப் போயிற்று. கேஸை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறேன். ஆவடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார், சரியாகத்தான் கழித்தேன். எனக்கே நம்பிக்கையில்லை. உன்னிடமும் வந்து புலம்பினேன், "மூளை மழுங்கிப்போச்சுடா" என்று. நீ வல்லாரைக் கீரை சாப்பிடச் சொன்னாய். அடப்பாவி!

போன வாரம் உன் பதினாறாம் நாள் காரியம். உன் போட்டோக்களை டிவியில் ஓட விடலாம் என்று உன் பெண் அந்தப் பழைய லேப்டாப்பை எடுத்து வந்தாள். மாட்டுவதற்கு ஒன்றுமில்லை. உன் மனைவி உள்ளே போய் ஒரு பையோடு வந்தாள். "அலமாரி மேல் தட்டுல அவரு கட்டி வெச்சிருந்தாருண்ணே. ஒருநாளும் பிரிச்சது கிடையாது, எங்களயும் தொட உடமாட்டாரு. ஒயரு மாதிரி கீது, இதான் வேணுமா பாருங்க" என்றாள்.

மஞ்சப்பை. வாயில் இரண்டு முடிச்சு. பிரித்தால் உள்ளே பொட்டு வைத்த டப்பா.

அப்படியானால் கொண்டுவரத்தான் கிளம்பியிருக்கிறாய். பையில் போட்டு, முடிச்சும் போட்டு, எங்கள் தெருமுனை வரைகூட வந்திருப்பாய். தகரத்தைப் பார்த்துப் பயந்து திரும்பியிருப்பாய். பயம் தப்பில்லைடா. அந்த நாளில் யாருக்குப் பயமில்லை? "பயமா கீது மச்சான்" என்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தெருமுனையிலேயே பால்காரரிடம் கொடுத்துவிடச் சொல்லியிருப்பேன். பால்காரர் தினமும் அதே கம்பியில் பாக்கெட்டை மாட்டிவிட்டுத்தான் போனார். முதல் பொய் வாய் தவறி வந்தது என்றே வைத்துக்கொள்கிறேன். நான் மன்னிப்புக் கேட்டபோது என் தோளில் விழுந்த கை எப்படி வாய் தவறும்?

கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். பொட்டு வைத்த பக்கத்தை லேப்டாப்பில் மாட்டினேன். டிவி முழுக்க நீ வந்து பல் தெரியச் சிரித்தாய். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. கிளம்பும்போது கன்வர்ட்டரைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டு, யாரிடமும் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன்.

நேராக வந்து மனைவி முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் பொட்டை விரலால் தடவிப் பார்த்தாள். இனிமேல் சாவியை என் கையில் கொடுப்பாள் என்று, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சின்னப்பிள்ளை மாதிரி காத்துக்கொண்டு நின்றேன்.

"செத்தவங்க மேல பழி போடாதீங்க" என்றாள். "அண்ணன் பொய் சொல்ற ஆளா? நீங்களே இந்தப் பையை எங்கயோ வெச்சு, இப்ப கிடைச்சிருக்கும். எங்க கிடைச்சதுன்னும் மறந்துட்டீங்க. விடுங்க, வந்து சாப்பிடுங்க."

உன் மனைவியை அழைத்துவந்து சாட்சி சொல்ல வைக்கலாம். தாலி இழந்து ஒரு மாதம்கூட ஆகாதவளிடம் போய் உன் புருஷன் பொய்யன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே சாவி இன்னும் என் மனைவி இடுப்பில்தான் இருக்கிறது. காலையில் பால் எடுக்கப் போகும்போது என் கை தானாக அந்தக் கம்பியைத் தடவிப் பார்க்கிறது, அன்றிலிருந்து வந்த பழக்கம், பை வீட்டுக்குள் வந்த பிறகும் போகவில்லை.

நான் மறக்கவில்லை என்பது இந்த உலகத்தில் உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். போகிற போக்கில் என் மனைவியிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதாடா?