பின் நான்கு பெட்டிகள்

மார்ச் 3, செவ்வாய்

மருத்துவமனை மருந்தகத்தில் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். "ரெண்டாவது தேனிலவா மேடம்?" என்றாள் பில் போடும் பெண். சிரித்து வைத்தேன்.

வெளிநாட்டுப் பயணம் மகளின் ஏற்பாடு. இருபத்தைந்தாவது கல்யாண நாளாம். பிரிந்துவிடுவது என்று நானும் அவரும் போன மாதமே பேசி முடித்தது அவளுக்குத் தெரியாது. திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்றார். சரி என்றேன். இப்போதெல்லாம் எதற்கும் சரிதான்.

மார்ச் 8, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். ஒரே கட்டில். நடுவில் இன்னொரு ஆள் படுக்கலாம்.

மார்ச் 9, திங்கள்

கோட்டை, பாலம், அருங்காட்சியகம். அங்கே ஒரு பழைய லிஃப்ட். லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேறென்ன கண்ணில் படும்? அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் வரவில்லை. வந்தால்கூடத் தேவலை.

என் அம்மா பக்கவாதத்தில் எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தது எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அவர் வேறு ஊரில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மாவை எடுக்கிற அன்றுதான் வந்தார். அன்றைக்கே சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இரண்டு வருடமாகிறது.

மார்ச் 10, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஏரி பார்க்க ரயில் ஏறினோம். எட்டுப் பெட்டி. எங்கள் பெட்டியில் கழிவறை பூட்டியிருந்ததால் அவர் பின்னால் எங்கோ போனார். அவர் போன் ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது. கோட்டும் பாஸ்போர்ட்டும் என் பையில். ஒரு பெரிய நிலையத்தில் வண்டி நின்றது. புரியாத பாஷையில் ஏதோ அறிவித்தார்கள். கிளம்பியது. ரொம்ப நேரம் ஆளைக் காணோம் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

டிக்கெட் பரிசோதகர் வந்தார். பக்கத்து இருக்கையைக் காட்டி, பின்பக்கம் போனார் என்று சைகை செய்தேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டவைத்து, பிறகு மெதுவாக விலக்கிக் காட்டினார். ரயில் அந்தப் பெரிய நிலையத்துச் சந்திப்பில் இரண்டாகப் பிரியுமாம். முன் நான்கு பெட்டிகள் ஏரிக்கு. பின் நான்கு வேறு திசைக்கு.

அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர் வண்டியில் சந்திப்புக்கே திரும்பிவிடுங்கள் என்று தாளில் படம் போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷர். தலையாட்டினேன்.

அடுத்த நிலையம் வந்தது. கதவு திறந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

ஏன்? தெரியவில்லை. அவரைத் தண்டிக்க நினைத்தேனா? இல்லை. அப்படி ஒரு நினைப்பு வருவதற்குக்கூட ஏதாவது இருக்க வேண்டுமே உள்ளே. கதவு மூடியது, அவ்வளவுதான்.

ஏரிக்குப் போனேன். படகுக்காரர் ஒன்றா இரண்டா என்று விரலால் கேட்டார். ஒன்று காட்டினேன். தண்ணீர் சாம்பல் நிறம். தூறல். ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டினார். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சந்திப்புக்குத் திரும்பியபோது மாலை நாலரை. நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இறங்கிய இடத்தில் திரும்பி வர வண்டி இல்லையாம். முழங்கால் வலியோடு ரோட்டோரமாகவே நடந்து வந்திருக்கிறார். பன்னிரண்டு மணியிலிருந்து அதே பெஞ்ச்.

"ஏரி பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ என்னைத் தேடிட்டு இங்கதான் வருவேன்னு நெனச்சேன். அதான் நகரல."

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "நான் தேடலைங்க. படகுல போனேன்."

பையிலிருந்து அவர் கோட்டை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு வண்டி வந்து போனது.

"நான் உக்காந்திருந்தது நாலரை மணி நேரம்," என்றார். "நீ எட்டு மாசம்."

எங்கள் வண்டி வந்தது. ஏறினோம்.

மார்ச் 11, புதன்

அவருக்குக் காய்ச்சல். மாத்திரை கொடுத்தேன். வேறெங்கும் போகவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

மகளிடம் சொல்லியாகிவிட்டது. வீடியோ காலில். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருக்க, அவரே பேசினார். "தப்பு என்மேலதான்மா. பாட்டி படுத்திருந்தப்ப எனக்குப் பயமா இருந்துச்சு. அந்த ரூம் பக்கம் வரவே பயம். உங்கம்மாவத் தனியா விட்டுட்டு ஓடிட்டேன்."

பயம். இத்தனை நாளில் அந்த வார்த்தையை என்னிடம் சொன்னதே இல்லை. வேலை, வேலை என்றுதான் சொன்னார்.

"அப்ப ஒரு மன்னிப்பு கேட்டுட்டு ஒண்ணா இருங்களேன்பா," என்று அழுதாள்.

"கேட்டா தீந்துடுற விஷயமாம்மா அது?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

அவர் வீடு பார்த்துவிட்டார். வேலைக்குப் பக்கம். மாடியில் ஒற்றை அறை. லிஃப்ட் கிடையாதாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் கிளம்பினார். ஐந்து அட்டைப் பெட்டி, ஒரு சூட்கேஸ். நானும் சேர்ந்து கயிறு கட்டினேன். வாசலில், "போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணுங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பண்ணினார். குக்கர் மூடி எங்கே என்று ஆரம்பித்தார். பச்சைப் பெட்ஷீட்டில் சுற்றியிருக்கிறது என்றேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அத்தை கடைசியா என்ன கேட்டாங்க?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. தலை வாரிவிடச் சொன்னாள் என்றேன். வாரிவிட்டேன், பின்னல் சரியாக வரவில்லை, மறுபடி பிரித்துப் பின்னினேன், அதற்குள்— சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. டயப்பர் மாற்றியது, கஞ்சியைத் துப்பியது, நான் ஒருநாள் அவளைத் திட்டியது, எல்லாம். அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். "சொல்லு," "ம், சொல்லு," அவ்வளவுதான் அவர் பேசியது. என் முகமெல்லாம் நனைந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

வைத்த உடனே மகள் கூப்பிட்டாள்.

"ஒரு மணி நேரமா ட்ரை பண்றேன்மா, பிஸி பிஸின்னே வருது. அப்பா வேற கிளம்பிட்டாரு, நீ தனியா என்ன பண்றியோன்னு பயந்துட்டேன். யார்கிட்டம்மா இவ்ளோ நேரம்?"

"உங்கப்பாகிட்டதான்," என்றேன்.