இடது என்றால் யாருடைய இடது

மார்ச் 3
என் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமில்லை. பாறையேறும் சங்கத்துச் செயலாளர் வந்து மேசைமேல் ஒரு புத்தகத்தை வைத்தார். எங்கள் வட்டாரப் பாறைகளுக்கு வந்திருக்கும் முதல் கையேடு.
"உபயோகப்படுமான்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க சரின்னா புதுசா சேர்றவங்க எல்லாருக்கும் குடுத்துடலாம்."

மார்ச் 5
படித்து முடித்தேன். எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. தெரியாதா பின்னே? இருபது வருடமாக ஏறுகிற பாறைகள். புத்தகம் பாதி சொன்னால் மீதியை நானே நிரப்பிக்கொள்கிறேன். இந்த லட்சணத்தில் என்னத்தைத் தீர்ப்புச் சொல்வது?

மார்ச் 6
மகள் வழி சொன்னாள். "உன் மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போ. ஊருக்குப் புதுசு. ஜிம் சுவர்லதான் ஏறிப் பழகியிருக்கார். புக்கை அவர் கையில குடுத்துட்டு நீ வாயத் திறக்காம இரு."
நான், வாயைத் திறக்காமல்! அவரோ கல்யாணமானதிலிருந்து என்னிடம் "சாப்டேன் அத்தை" தவிர ஒன்றும் பேசியதில்லை. இரண்டு ஊமைகள் பாறைக்குப் போகப் போகிறோம்.

மார்ச் 7
நாளைக்கு மழை வராமல் இருக்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு
போனோம். பேருந்து நிறுத்தத்திலிருந்து பாதையை அவரே கண்டுபிடித்தார். ஓரிடத்தில் தப்பாகத் திரும்பினார்; நாக்கைக் கடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போய், படத்தைப் பார்த்து, அவரே திரும்பி வந்தார். படங்கள் பரவாயில்லை.

நான் குழந்தை விளையாட்டு என்று சொல்லும் ஏறுதடத்தைப் புத்தகம் 'நடுத்தரம்' என்கிறது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பாதி உயரத்தில் அவருக்குக் கால் தந்தியடித்ததைக் கீழே கயிறு பிடித்தபடி பார்த்தேன். புத்தகம்தான் சரி. கால் வைக்கிற இடமெல்லாம் எனக்கு மனப்பாடம், அவ்வளவுதான்.

பின்னாலேயே நானும் உச்சிக்கு ஏறி, கயிற்றைச் சுருட்டியாயிற்று. இறங்கும் வழிக்காக அவர் புத்தகத்தைப் பிரித்தார். 'இறங்க இடப்பக்கம் செல்க.' வேறொன்றும் எழுதவில்லை. பாறையைப் பார்த்து நின்றால் ஓர் இடது, பள்ளத்தைப் பார்த்து நின்றால் இன்னோர் இடது. ஒன்றில் ஒற்றையடிப் பாதை. மற்றதில் வழுக்குச் சரிவு, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. அவர் சரிவுப் பக்கம் திரும்பினார். சங்கமாவது தீர்ப்பாவது — கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே நின்றுவிட்டார்.
"அத்தை, இடதுன்னா யாரோட இடது?"
சிரித்துவிட்டேன். "அதத்தான் இந்தப் புக்கை எழுதினவர் சொல்லியிருக்கணும். இந்தப் பக்கம் வாங்க மாப்பிள்ளை."
"நீங்க பேசக் கூடாதுன்னு…"
"அது கெடக்கு!"
சந்தேகம் வந்தால் நிற்கத் தெரிந்த மனிதர். மகளை நினைத்து நிம்மதியாக இருந்தது.

மார்ச் 10
செயலாளரிடம் சொல்லிவிட்டேன்: பயன்படும், வாங்குங்கள். ஆனால் இறங்கும் வழிகளைத் திருத்தி ஒரு தாள் ஒட்டாமல் ஒருவர் கையிலும் கொடுக்காதீர்கள்.
கையேட்டை எழுதியவரே போன் செய்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "வீட்ல உக்காந்து எழுதுறப்ப எனக்கு இடது தெளிவாத்தான்மா இருந்துச்சு" என்றார் பாவம். எல்லா இறங்குவழிகளையும் சேர்ந்தே பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு
மாப்பிள்ளை ஆபீஸ் நண்பரைக் கூட்டிக்கொண்டு, திருத்தத் தாள் ஒட்டிய புத்தகத்தோடு வடக்குப் பாறைக்குப் போனார். நான் கடையில். சாயங்காலம் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து, கண் பரிசோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, எங்கே கை வைத்தார், எங்கே கால் நழுவியது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மகள் இரண்டு தடவை போன் செய்தாள். "இதோ கிளம்பிட்டேன்" என்றவர் கிளம்பவில்லை. கடையை அடைக்க எனக்கும் மனசில்லை.