என் மாமியாருக்கு வயது ஐந்து

அன்புள்ள ஜெய்ப்பிட்டிக்கு,

ஊலூசி எழுதுவது. நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும்தான். எழுத மனம் வரவில்லை. உன் பாதங்களை எடுத்த இடத்தில் புண் ஆறிவிட்டதா? அரிக்கிறது என்று எழுதியிருந்தாய். சொறியாதே.

உன் கடிதம் போன வார விமானத்தில் வந்தது. அடுத்த மாதம் உன்னை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், டிக்கெட்டும் போட்டாயிற்றாம், நீ வந்து இறங்கும் அன்றைக்கு சீல் ஈரல் தயாராக இருக்க வேண்டுமாம். நேராகவே சொல்லிவிடுகிறேன். வராதே. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லலாம் என்று பார்த்தேன். நீ அழ ஆரம்பிப்பாய், அதற்குள் உன் அம்மா ஃபோனைப் பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கோபப்படாமல் கடைசிவரை படி. படித்துவிட்டுக் கோபப்படு.

தெற்கே அந்த ஆஸ்பத்திரி விடுதியில் தினமும் கோழியும் உருளைக்கிழங்கும்தான் போடுகிறார்கள், நனைந்த அட்டையை மெல்வதுபோல் இருக்கிறது என்று குறைப்பட்டிருந்தாய். நான் இதைச் சத்தமாக வாசித்தபோது உன் தம்பி பெண்டாட்டி சியாசி பக்கத்தில் இருந்தாள். “கோழியா? தினமுமா? அந்த எடத்த இன்னொரு தடவ படி” என்றாள். படித்தேன். “உருளைக்கெழங்க வறுக்கறாங்களா, வேகவெக்கறாங்களா?” என்று கேட்டாள். நீ அதை எழுதவில்லை. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எச்சிலை விழுங்கியபடியே வீட்டுக்குப் போனாள்.

போன கோடையின் முடிவில் கப்பல் வந்த கதை உனக்குத் தெரியாது. அப்போது நீ இரண்டாவது அறுவைக்காக மயக்க மருந்தில் கிடந்தாய். கப்பல் நம் ஊருக்கு எதிரே வந்து நின்றது. காற்று பனிக்கட்டிகளைக் கொண்டுவந்து கரையை அடைத்துவிட்டது. படகு இறக்க முடியவில்லை. சில நாள் பார்த்துவிட்டுக் கப்பல்காரர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். நம் மாவும் அரிசியும் மக்ரோனியும் அதில்தான் இருந்தன. ஊரே கரையில் நின்று வழியனுப்பி வைத்தோம். இப்போது விமானத்தில் வருவதுதான் கடையில் கிடைக்கிறது. கடையில் ஒரு முட்டைக்கோஸ் இருந்தது. விலையைப் பார்த்துவிட்டு யாரும் தொடவில்லை, போய்ப் பார்த்துவிட்டு மட்டும் வருவோம். முட்டைக்கோஸ் மஞ்சளாகி வாடிப்போய்விட்டது. விலை மட்டும் வாடவில்லை.

உன் பனிவண்டியை டேவிடிதான் வேட்டைக்கு ஓட்டுகிறான். அன்றைக்கு நடுவழியில் நின்று உன் பாதங்களைத் தின்ற அதே வண்டிதான். செத்துப்போன வண்டிகளிலிருந்து பாகங்களைக் கழற்றிப் போட்டு ஓட வைத்திருக்கிறான். உன் தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இந்த வருஷம் பனி நேரத்துக்கு இறுகவில்லை. சில நாள் பனித்துளையில் குத்திப் பிடித்த ஒரு சீலோடு வருகிறான், பல நாள் மீசையில் ஒட்டிய உறைபனியோடு மட்டும் வருகிறான். கிடைத்த ஒன்றையும் அவன் வீடு, நம் வீடு, உன் சித்தி வீடு, சியாசியின் அண்ணன் வீடு என்று வெட்டிக் கொடுத்துக்கொண்டே போகிறான். கடைசி வீட்டுக்கு வரும்போது அவன் கையில் எலும்பு இருக்கும்.

உன் அம்மாவுக்கு முன் பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. செத்துப்போன உன் அம்மாவே பெயரோடு திரும்பி வருகிறாள் என்று, உக்பிக் என்ற அவள் பெயரை நம் மகளுக்கு வைத்தபோது நான் விளையாட்டாகத்தான் சம்மதித்தேன். பல் விழுந்ததும் அசல் கிழவியேதான் என்று ஊரே சொல்கிறது. அதிகாரமும் அப்படியே. நான் மாவு பிசைந்தால் பக்கத்தில் வந்து நின்று, “இப்படியா பெசையறது?” என்கிறாள். பெற்ற மகளிடமே மருமகளாக இருந்து ஏச்சு வாங்குகிறேன். டேவிடி வீட்டுக்குள் வந்ததும் முதலில் அவள் முன்னால் குந்துவான். “அம்மா, சாப்ட்டியா?” என்று கேட்பான். அவள் மூக்கைச் சுருக்குவாள். ஐந்து வயது வயிறு அது. எப்போது கேட்டாலும் இல்லையென்றுதான் மூக்கைச் சுருக்கும்.

இனி அந்தக் கூட்டத்தைப் பற்றி. கேட்டால் சிரிப்பாய்.

இருட்டு மாதங்கள் முடிந்து வெயில் திரும்பிய பிறகு, எங்கள் பசியைப் பற்றி விசாரிக்கத் தெற்கிலிருந்து ஒரு குழு வந்து இறங்கியது. பள்ளிக்கூடத்தில் கூட்டம். வருகிறவர்களுக்கு சாண்ட்விச் உண்டு என்று ஊர் வானொலியில் சொன்னார்கள். நடக்க முடியாதவர்களைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்து வந்தார்கள், அப்படி ஒரு கூட்டம். குழுவின் தலைவி கண்ணாடி போட்ட, தங்கமான ஒரு பெண். இவ்வளவு பேர் அக்கறையோடு வந்திருக்கிறீர்களே என்று பூரித்துப் போனாள். காய்கறி வளர்க்க உங்களுக்கு ஒரு கண்ணாடி வீடு கட்டித் தரலாமா என்று கேட்டாள். சியாசி என் காதில், “அதுல சீல் மொளைக்குமான்னு கேளு” என்றாள். எங்கள் வரிசையே சிரித்தது. என்னவென்று புரியாமல் அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். இந்தக் குளிர்காலத்தில் பசியோடு படுத்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள் என்றாள்.

ஒரு கை எழும்பவில்லை, ஜெய்ப்பிட்டி. எப்படி எழும்பும்? என் பக்கத்தில் டேவிடி உட்கார்ந்திருந்தான். நான் கையைத் தூக்கினால், பெற்ற தாய்க்குச் சோறு போடாதவன் என்று ஊர் நடுவே அவன் கன்னத்தில் அறைந்த மாதிரி. சியாசி தூக்கினால் அவள் புருஷனுக்கு அவமானம். உன் சித்தி தூக்கினால் எங்கள் எல்லோருக்கும் அவமானம். அவரவர் தங்களுக்குச் சோறு போடுகிறவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டோம். அந்தப் பெண் என்னிடமே வந்து குனிந்து தனியாகக் கேட்டாள். “என் கொழுந்தன் குடுக்கறாரு. ஒரு கொறையும் இல்ல” என்றேன். டேவிடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அருமையாகப் பகிர்ந்து வாழ்கிறீர்கள், உங்களிடம் நாங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். கற்றுக்கொண்டு போனாள். உணவுப் பெட்டிகள் பக்கத்து ஊருக்குப் போயின. அங்கே யாரோ ஒருத்தி வெட்கத்தை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினாளாம். அவளை முதலில் வாயார ஏசினேன். இப்போது அவள் நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். பெட்டிகளை ஏற்றிய விமானம் நம் தலைக்கு மேல்தான் போனது. பிள்ளைகள் கை காட்டினார்கள்.

இனி எழுதப் போவதுதான் எழுதவே பிடிக்காதது.

போன வாரம் டேவிடிக்கு ஒரு சீல் கிடைத்தது, வெகுநாளைக்குப் பிறகு. நேராக நம் வீட்டுக்குத்தான் இழுத்து வந்தான். சமையலறைத் தரையில் அட்டையை விரித்து அறுத்தேன். ஈரலை அவளுக்குக் கொடுத்தான். தின்றாள். “போதுமாம்மா?” என்று கேட்டான். மூக்கைச் சுருக்கினாள். விலாக்கறியைக் கொடுத்தான். மறுபடியும் சுருக்கினாள். தன் வீட்டுக்கென்று ஒதுக்கி வைத்ததில் கை வைத்தான். அவன் ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. அம்மா போதும் என்று சொல்லாமல் மகன் எப்படித் தின்பான்? கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். “விடுப்பா, அவளுக்கு வயித்த வலிக்கும்” என்றேன். “அம்மா சொல்லட்டும் அண்ணி” என்றான்.

அப்போதுதான் சியாசி உள்ளே வந்தாள். அட்டையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். குனிந்து அந்தக் கறியை எடுத்தாள். கொடுத்த கறியைத் திரும்ப எடுத்த கையை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. “ஒங்கம்மாவுக்கு வயிறா, எண்ணெ பீப்பாயா? எம் மார்ல சொட்டுப் பால் இல்ல. புள்ள கடிச்சுக் கடிச்சு ரத்தந்தான் வருது. அவன் ஒனக்கு யாரு?” என்று கத்தினாள். உக்பிக் கறியை விடவில்லை. இருவரும் இழுத்தார்கள். சியாசி அறைந்தாள். உன் அம்மாவை அவள் மருமகள் அறைந்தாள், ஜெய்ப்பிட்டி. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டேவிடி கத்தியைக் கீழே வைத்தான். எழுந்து, வெறும் வயிற்றோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு பனிக்குப் போய்விட்டான். மறுநாள் ஒன்றும் இல்லாமல் வந்தான். இரண்டு விரல்களின் நுனி வெளுத்திருக்கிறது. என்னிடம் காட்டாமல் மறைக்கிறான்.

சியாசி மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தால் வாயிலிருந்தே பிடுங்கியிருப்பேன்.

இப்போது புரிகிறதா? அவன் கால் உள்ளவன். எழுந்து வெளியே போக முடிந்தது. நீ வந்தால் நாள் முழுக்க அந்தத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். அவள் நாள் முழுக்க மூக்கைச் சுருக்குவாள். உனக்கு வைக்கும் ஒவ்வொரு வாயையும் அவளுக்குக் கொடுப்பாய். போன குளிர்காலம் முழுக்க அதைத்தானே செய்தாய்? வெறும் வயிற்றோடு பனிக்குப் போனாய், வண்டி நின்றது, நடந்தாய். பசித்த உடம்பில் கால்தான் முதலில் உறையும் என்று நர்ஸ் சொன்னாள். புண் ஆற உனக்கு தினமும் நல்ல சாப்பாடு வேண்டும் என்கிறார்கள். இங்கே வந்தால் அது ஆறாது. உன்னைக் கொன்றுவிட்டு அவளும் பசியோடுதான் இருப்பாள். விடுதியிலிருந்து எனக்கு ஃபோன் வந்தது. சக்கர நாற்காலி ஏற வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்று கேட்டார்கள். பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

என் பேச்சை நீ கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அம்மா சொன்னால் தட்ட மாட்டாய் என்பதும் தெரியும். அதனால் ஒரு தந்திரம் செய்ய நினைத்தேன். பேனாவும் கையுமாக அவளை எதிரே உட்கார வைத்து, உன் மகனை அங்கேயே இருக்கச் சொல் என்றேன்.

“அங்க என்ன திங்கறான்?” என்று கேட்டாள். கோழி என்றேன். “தெனமுமா?” என்றாள். ஆமாம் என்று புருவத்தை உயர்த்தினேன். “அப்ப அவன் வர வேணாம்” என்றாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. எழுத ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் அங்க போறேன். அதையும் எழுது” என்றாள்.

தெற்கே போகிற நம் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பேச்சை மறந்து வருகிறார்கள், அல்லது வருவதே இல்லை. போன மாதம் நர்ஸ் இவளை எடை பார்த்துவிட்டு, தெற்கே ஒரு குடும்பத்தில் கொஞ்ச காலம் வைத்துப் பார்க்கலாமா என்று இழுத்தபோது, கறி அறுக்கும் கத்தியோடு நான் வாசலில் நின்றேன். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

உனக்குப் போட்ட டிக்கெட்டை ரத்து செய்யச் சொல். அதற்குப் பதிலாக இவளை உன்னிடம் அழைத்துக்கொள்ள முடியுமா என்று கேள். மகள் என்று சொன்னால் இடம் தர மாட்டார்கள் என்றால், அம்மா என்று சொல். எப்படியாவது சொல். கையைத் தூக்கு, ஜெய்ப்பிட்டி. அங்கே உன் பக்கத்தில் நம்மவர் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அவள் வந்தால் தலையை நீயே பின்னிவிடு, இறுக்கிப் பின்னினால் அழுவாள். இரவில் நம் பேச்சில் பேசு. தட்டு வந்ததும் முதலில் அவளுக்கு ஊட்டு. இங்கே அவள் ஒருநாளும் போதும் என்று சொன்னதில்லை. அங்கே சொல்வாள். அதைக் காதால் கேட்டுவிட்டு, நீயும் வயிறாரச் சாப்பிடு.

உன்,
ஊலூசி