ஜோயல் முகம் போட்ட டப்பா

ஜூன் 9, திங்கள்

புது சீசனுக்கான பிஸ்கட் டப்பாக்கள் வந்து இறங்கின. ஸ்கெல்பரோ டவுன் கால்பந்து அணித்தலைவன் முகம்தான் ஒவ்வோர் ஆண்டும் மூடியில் இருக்கும். இம்முறை ஜோயல். என் தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவில் இருக்கும் லொரெய்னின் மகன். எட்டு வயதில் நம் கிளப்புக்குப் பயிற்சிக்கு வந்தவன். பல் தெரியச் சிரிக்கிறான், திருட்டுப்பயல்.

ஜூன் 12

மைதானத்துக்கு என் பிஸ்கட் கம்பெனி பெயரை வைத்து, அதற்காகக் கிளப்புக்கு அறுபது லட்சம் பவுண்டு கொடுத்திருந்தேன். பெரிய மூளை என்று நினைப்பு! அந்தப் பெயர் நாலு லட்சம்தான் பெறும், மீதி வருமானமாகாது என்று லீக் நிர்வாகம் எழுதிவிட்டது.

கணக்காளர் பிலிப்பாவிடம் கத்தினேன். "மீதிய நானே போடறேன். என் காசு, என் கிளப்! எவன் கேக்கிறது?"

"தாராளமா போடுங்க சார். கடன் அடைக்கலாம், கூரை மாத்தலாம். நஷ்டக் கணக்கு மட்டும் ஒரு பென்னி குறையாது. லீக் வச்சிருக்கிற நஷ்ட வரம்பத் தாண்டினா ஒன்பது புள்ளி வெட்டுவாங்க."

போன சீசனில் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் இரண்டு புள்ளியில்தான் தப்பித்தோம்.

ஜூன் 13

ஒரு வழியும் தெரியவில்லை.

ஜூன் 20

கணக்கு முடியும் முப்பதாம் தேதிக்குள் யாராவது ஓர் ஆட்டக்காரனை விற்றாக வேண்டும். வாங்கிய ஆட்களை விற்றால், கொடுத்த விலை போக ஒன்றும் மிஞ்சாது. நாமே வளர்த்தவனை விற்றால் அத்தனையும் லாபம். பிலிப்பா பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஊரான் பிள்ளையை வைத்துக்கொண்டு சொந்தப் பிள்ளையை விற்பதா? இது என்ன நியாயம்?

ஜூன் 28

லண்டன் கிளப் ஒன்று ஜோயலைக் கேட்கிறது. அவனே வந்தான்.

"எனக்குப் போக இஷ்டமில்ல சார். நீங்கதானே முதலாளி? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

வங்கியில் என் பணம் சும்மா கிடக்கிறது. இவனை வைத்துக்கொள்ள எனக்கு வக்கில்லை.

"நீ போகலேன்னா கிளப் விழுந்துடும்டா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. இருபது வயசுப் பையன் தலையில போய் இதைக் கட்டினேனே — சே!

ஜூன் 30

கையெழுத்தாயிற்று. வரம்புக்குள் வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 9, சனி

முதல் ஆட்டம். வழக்கப்படி வாசலில் நின்று முதல் நூறு பேருக்கு நானே டப்பா கொடுத்தேன். ஜோயல் முகம் போட்ட அதே டப்பா; வேறு அச்சிட நேரமில்லை.

"டப்பாவையாவது விக்காம வச்சிருக்கீங்களே!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வரிசையில் ஜோயலின் அம்மா லொரெய்ன். டப்பாவைத் திறந்து, பிஸ்கட்டுகளை அப்படியே காகிதத்தோடு என் கையில் வைத்தார். வெறும் டப்பாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, உள்ளே வராமல் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.